நேரில் அளவெடுத்தேன்

கோவளம் பஸ் நிறுத்தத்தில் இறங்கிக் கடல் பக்கமாகத் திரும்பினால் மூன்றாவது கடை சாராளுடையது. நாலு மிஷின், ஒரு ஓவர்லாக், தலைக்கு மேலே கான்கிரீட் தளம். இதில் ஒன்றைக்கூட யாரும் இனாமாகக் கொடுக்கவில்லை என்பதை, முதல் தடவையாக ஜாக்கெட் தைக்க வருகிறவர்களிடம்கூட அவள் சொல்லிவிடுவாள். அப்பன் கட்டுமரத்தில் போனவன். அவள் படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. தம்பியை இடுப்பில் வைத்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று நிறுத்திவிட்டார்கள். பதின்மூன்று வயதில் அடுத்தவர் கடையில் காஜா எடுக்க உட்கார்ந்தவள். முப்பதில் சொந்த மிஷின், நாற்பதில் சொந்தக் கடை, ஐம்பதில் சொந்த வீடு. இப்போது அறுபத்து மூன்று நடக்கிறது. ஊசியில் நூல் கோக்க இன்றைக்கும் கண்ணாடி போடுவதில்லை.

அந்தக் கண்தான் அவளுடைய சொத்து.

"டேப்பு வந்து உங்க திருப்திக்குத்தான். நீ வாசப்படி ஏறி உள்ள வர்றதுக்குள்ள எனுக்கு அளவு தெரிஞ்சிடும்" என்பாள். சும்மா சொல்லக் கூடாது, அது உண்மையும்கூட. துபாயில் இருந்த ஒரு பெண்ணுக்குப் போனில் வந்த படத்தைப் பார்த்தே கல்யாண ஜாக்கெட் தைத்தாள். பெண் வந்து இறங்கிப் போட்டுப் பார்த்தபோது ஒரு நூல் பிசகவில்லை. இந்தக் கதையைக் கேட்காதவர்கள் கோவளத்தில் குறைவு. இரண்டு தடவை கேட்காதவர்கள் இன்னும் குறைவு.

இன்னொரு பெருமை கையெழுத்து. மெம்பர் தேர்தலுக்கு நின்றவர்கள்கூட மைப்பெட்டியைத் தேடிய காலத்தில், அவள் 'சாராள் ஞானதாஸ்' என்று முழுசாக எழுதி, கடைசி ஸ்-க்கு மேலே புள்ளியை நிதானமாக வைப்பாள். நாலு எழுத்து சேர்ந்தாற்போல் படிக்க அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அது வேறு விஷயம். அதை யாரிடமும் அவள் சொன்னதில்லை.

திருப்போரூர் தாண்டி, மெயின் ரோட்டை விட்டு உள்ளே போனால் அரசு நடத்தும் பெண் பிள்ளைகள் இல்லம் ஒன்று இருக்கிறது. அங்கே நாற்பத்தொரு பிள்ளைகள். பதினோரு வருஷமாக அந்தப் பிள்ளைகளுக்குத் துணி தைப்பது சாராள்தான். அதையும் அவள் கெஞ்சி வாங்கவில்லை. முன்னால் தைத்த ஆள் எல்லாருக்கும் மூன்றே சைஸில் வெட்டித் தள்ளினான். பிள்ளைகள் மூட்டைக்குள்ளிருந்து தலையை நீட்டிய மாதிரி பள்ளிக்கூடம் போயின. சாராள் போய் நின்று, "என் கையில குடுங்க. ஒவ்வொருத்திக்கும் தனி அளவு. டேப்பு வக்காத துணி வெட்ட மாட்டேன்" என்று சொல்லி வாங்கிய வேலை அது.

வருஷத்துக்கு இரண்டு தடவை அளவு. மே மாதத்தில் பள்ளிச் சீருடைக்கு, செப்டம்பரில் தீபாவளி உடுப்புக்கு. இல்லத்தில் அச்சடித்த பட்டியல் இருக்கும். பெயர், வயது, உயரம், மார்பு, தோள், கை. துணியை உயரம் பார்த்துத்தான் ஒதுக்குவார்கள் என்பதால் உயரத்துக்கும் ஒரு கட்டம். சாராள் எண்களைச் சொல்லச் சொல்ல, வார்டன் வசந்தா எழுதிக்கொள்வாள். கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு வரி: 'மேற்கண்ட குழந்தைகள் அனைவரையும் நேரில் அளவெடுத்தேன்.' அதற்குக் கீழே புள்ளி வைத்த கையெழுத்து.

இது போக அவளிடம் சொந்த நோட்டு ஒன்று உண்டு. அதில் பெயர் எழுதுவதில்லை, படம்தான். ரெட்டை ஜடை போட்டவளுக்கு ரெட்டை ஜடை, மூக்குத்திக்காரிக்கு ஒரு புள்ளி, பூங்கொடிக்குக் காம்போடு ஒரு பூ. பக்கத்தில் எண்கள். டேப் வைத்து எடுத்தால் எண்களுக்குக் கீழே ஒரு கோடு. கண்ணாலேயே போட்டிருந்தால் ஒரு சுழி. தைத்த பிறகு எங்கேயாவது இடித்தால், தப்பு டேப்பிலா கண்ணிலா என்று தெரிந்துகொள்வதற்காக அவளே கண்டுபிடித்த ஏற்பாடு. சுழி போட்டதில் தப்பு வந்ததே இல்லை என்று ஞானதாஸிடம் சொல்லிக் காட்டுவாள்.

அந்தச் செப்டம்பரில் போனபோது வசந்தா வராந்தாவிலேயே நிறுத்தினாள்.

"சாராக்கா, நாலு பேருக்கு அம்மை போட்டுக்கீது. பின்னாடி ரூம்ல கீறாங்க. உள்ள போவாதீங்க, ஒட்டிக்கும்."

"போவாட்டி இன்னா? எனுக்கு இந்தப் பசங்கள தெரியாதா? மே மாசத்துலேர்ந்து நாலு மாசம் ஆச்சு. இந்த வயசுல ஒரு இஞ்ச் போடுவாங்க. நீ எழுதிக்கோ."

நோட்டைத் திறக்காமலேயே நாலு பேரின் அளவையும் சொன்னாள். மற்ற மூன்று பேருக்குப் பிறகு பூங்கொடி. "உயரம் அம்பத்திரெண்டு. மார்பு இருவத்தெட்டு. தோளு பதினொன்ற."

வசந்தா பேனாவை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். "எப்டிக்கா இத்தினியும் மனசுல வச்சிகினு கீறீங்க?"

சாராளுக்கு உள்ளே குளிர்ந்தது. "அதான்மா தொழிலு" என்று சொல்லிவிட்டு, அந்த வரியின் கீழே கையெழுத்துப் போட்டு, புள்ளியையும் வைத்துவிட்டு வந்தாள்.

தீபாவளி முடிந்து பத்து நாள் இருக்கும். ஒரு பெண் கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். முப்பது முப்பத்திரண்டு வயது. கையில் மீன் வாசம். தோள் பதினான்குக்கு மேல் இருக்காது, உடம்பு இளைத்து ஜாக்கெட் தொளதொளவென்று கிடந்தது. சாராளின் கண்ணுக்கு முதலில் பட்டது அதுதான்.

"நீதான் ஹோமுக்குத் தைக்கிற டெய்லர் அக்காவா?"

"பதினோரு வருஷமா நான்தான். ஏன்மா?"

அவள் பெயர் கண்ணகி. புதுப்பட்டினம் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். புருஷன் இல்லை. இரண்டு வருஷம் முன்பு நெஞ்சு நோய் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஒன்பது வயது மகளை அதிகாரிகள் அந்த இல்லத்தில் சேர்த்தார்கள். குணமாகி வந்து மகளைக் கேட்டால், வீட்டைப் பார்க்க வேண்டும், அறிக்கை வர வேண்டும் என்று இழுத்துக்கொண்டே போனார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்து வருவாள். ஆகஸ்டில் போனபோது, பிள்ளை கேம்ப் போயிருக்கிறாள் என்று திருப்பி அனுப்பினார்கள். செப்டம்பரில் இவளுக்கு மறுபடியும் காய்ச்சல். அக்டோபரில் போன் வந்தது: பத்தாம் தேதி உங்கள் மகள் சுவர் ஏறிக் குதித்து ஓடிவிட்டாள், போலீசில் புகார் கொடுத்திருக்கிறோம்.

"ஆகஸ்டுலயே அவ அங்க இல்லக்கா, எனுக்கு மனசு சொல்லுது. ஸ்டேஷன்ல கேட்டா, இல்லம்மா, செப்டம்பர்ல டெய்லரம்மா உன் பொண்ணுக்கு அளவெடுத்துக்கீறாங்க, பேப்பர் கீது, அப்ப இருந்துக்கீறான்னு சொல்றாங்க. அதான் உன்னையே கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். பூங்கொடின்னு பேரு. நீ பாத்தியாக்கா?"

அந்த ஒரு நொடியில் சாராள் யோசித்திருக்கலாம். நோட்டைத் திறந்திருக்கலாம். ஆனால் கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மிஷினில் இருந்த பெண்களும் காலை நிறுத்திவிட்டு அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'சாராள் அளவெடுக்காமல் வெட்டுவாளா' என்கிற கேள்வி அந்தக் கடைக்குள் அதுவரை நுழைந்ததில்லை.

"பாக்காத எப்டிமா கையெழுத்து போடுவேன்?"

"எப்டி இருந்தா? எளச்சிருந்தாளா?"

"நல்லாத்தான் இருந்தா. ஒரு இஞ்ச் வளந்திருந்தா."

கண்ணகியின் முகம் விரிந்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "வளந்துட்டாளா" என்றாள். இரண்டு தடவை அதையே சொன்னாள். சாராளின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விட்டாள்.

கடை கலைந்த பிறகு சாராள் நோட்டை எடுத்தாள். காம்போடு ஒரு பூ. ஐம்பத்திரண்டு, இருபத்தெட்டு, பதினொன்றரை. கீழே சுழி. அதற்கு முந்தைய பக்கத்தில், மே மாதத்தில், அதே பூ. ஐம்பத்தொன்று, இருபத்தேழு, பதினொன்று. கீழே கோடு.

இடைப்பட்ட பக்கம் எதுவும் இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்தப் பிள்ளையை மே மாதத்துக்குப் பிறகு அவள் பார்க்கவே இல்லை.

வசந்தாவுக்குப் போன் போட்டாள். "யம்மா, அந்த நாலு பேர்ல பூங்கொடி பின்னாடி ரூம்ல இருந்தாளா இல்லியா? நெஜத்த சொல்லு."

 வசந்தா தாழ்ந்த குரலில், "சாராக்கா, நான் ஒப்பந்தத்துல கீறவ. மேல சொன்னத எழுதனேன். என்ன விட்டுடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்த எண்ணை எத்தனை தடவை அடித்தாலும் எடுக்கவில்லை.

ஞானதாஸ் அவளுடைய வீட்டுக்காரர். ஷேர் ஆட்டோ ஓட்டி, முட்டி தேய்ந்து, இப்போது கடையில் காஜா பட்டன் கட்டிக்கொண்டிருக்கிறவர். அவரிடம்தான் முதலில் சொன்னாள்.

"சுழி போட்டதுல தப்பே வராதுன்ன."

"தப்பு வரலய்யா. அளவுல தப்பு வரல. ஆளுதான் இல்ல."

அவர் நூலைப் பல்லால் கடித்துத் துப்பினார். "இப்ப இன்னா பண்ணப் போற? போலீசுல போய் நான் பொய்க் கையெழுத்து போட்டேன்னு சொல்லப் போறியா? கூப்ட்டு உக்கார வச்சி காப்பி குடுப்பாங்க."

"சொல்லித்தான் ஆவணும்."

"அந்தம்மாகிட்ட?"

 கண்ணகிக்குத் தெரியாமலேயே இதைச் சரி பண்ணிவிடலாம் என்று அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. எத்தனையோ ஜாக்கெட்டை வாடிக்கையாளருக்குத் தெரியாமல் பிரித்துத் திருத்தியிருக்கிறாள்.

புகார் பதிவான காவல் நிலையத்துக்கு மூன்று நாள் போனாள். முதல் நாள், கேஸைப் பார்க்கிற எஸ்.ஐ. பந்தோபஸ்துக்குப் போய்விட்டார். இரண்டாம் நாள் உட்கார வைத்து மூன்று மணி நேரம் கழித்து, சாப்பாட்டுக்குப் போய்விட்டார். மூன்றாம் நாள் பிடித்தாள். அவர் பட்டியலின் நகலை எடுத்து அவள் முன்னால் நீட்டினார்.

"இது யார் கையெழுத்து?"

"என்னுதுதான்."

"அப்ப பார்த்திருக்க."

"பாக்கல சார். பாத்த மாதிரி போட்டேன்."

"இங்க பாரும்மா. பத்தாம் தேதி பொண்ணு ஓடிப்போச்சு, பதினொன்னாம் தேதி புகார் வந்துடுச்சு. பஸ் ஸ்டாண்ட் கேமரா மொத்தம் பார்த்தாச்சு. நீ இப்ப வந்து செப்டம்பர்லயே இல்லைன்னா, பொய்ச் சான்று குடுத்ததுக்கு உம்மேலதான் முதல் கேஸ். வயசானவங்க, போய் பொழப்பப் பாருங்க."

"அக்டோபர் கேமராவ பாத்தா எப்டி சார் கெடைப்பா? ஆகஸ்டுல இல்ல பாக்கணும்?"

"ஆகஸ்ட் படமெல்லாம் இப்ப இருக்காது. முப்பது நாளைக்கு மேல தங்காது." அவர் ஏற்கெனவே அடுத்த ஃபைலைத் திறந்துவிட்டார். "தேதி மாத்தணும்னா தாயார் மனு குடுக்கணும். நீங்க யாரு?"

நீங்க யாரு. நாற்பத்தொரு பிள்ளைகளின் தோளையும் கையையும் பதினோரு வருஷமாகத் தெரிந்தவளைப் பார்த்துக் கேட்ட கேள்வி. பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தாள். கோபம் அந்த ஆள் மீது பாதி. அவள் கையெழுத்தைத் தவிர அவர்களிடம் வேறு எதுவுமே இல்லை என்பது மீதி. பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்டால், இல்லத்திலிருந்து அம்மை என்று லீவு லெட்டர் வந்தது என்றார்கள். இல்லத்துப் பதிவேடு வசந்தா எழுதியது. வெளி ஆள் ஒருத்தர் பிள்ளையைக் கண்ணால் பார்த்ததாக இருக்கிற ஒரே காகிதம் சாராளுடையதுதான். ஒரு மாவட்டமே அந்தப் புள்ளி வைத்த கையெழுத்தின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

மறுநாள் மாமல்லபுரம் வழியாகப் புதுப்பட்டினத்துக்கு பஸ் ஏறினாள். வழியில் சிற்பிகள் கல் கொத்தும் சத்தம் கேட்டது. கண்ணகியிடம் உண்மையை எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் ஏழெட்டு விதமாக வெட்டிப் பார்த்தாள். ஒன்றும் பொருந்தவில்லை.

கண்ணகி மார்க்கெட்டில் வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். அணுமின் நிலையத்து டவுன்ஷிப்பிலிருந்து வந்த ஒரு அம்மாள் பை விரித்து நின்றாள். சாராளைப் பார்த்ததும் கண்ணகிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "வாக்கா, உக்காரு. டீ சொல்றேன்."

"டீ வோணாம். அந்தம்மாவ அனுப்பிட்டு வா."

அந்த அம்மாள் போனதும் சாராள் சொல்லிவிட்டாள். நின்றபடியே, சுற்றி வளைக்காமல். நான் உன் பொண்ண பாக்கல. அம்மைன்னு சொன்னாங்க, நான் உள்ள போவல. ஒரு இஞ்ச்சும் நானே போட்டது.

கண்ணகி கத்தியைக் கீழே வைக்கவில்லை. அடுத்த மீனை எடுத்துச் செதிலைச் சுரண்டத் தொடங்கினாள்.

"ஒரு இஞ்ச் வளந்திருந்தான்னு சொன்னியே."

"சொன்னேன்."

"வூட்ல அவ பாவாட ஒண்ணு கீது. நீ சொன்னதக் கேட்டுட்டுப் போய் அதுங்கீழ மடிச்சத பிரிச்சி ஒரு இஞ்ச் எறக்கி வச்சிக்கீறேன். வந்தா கட்டிக்குவாளேன்னு." செதில் சாராளின் புடவை மேலெல்லாம் தெறித்தது. "உன் வாயில வந்த இஞ்ச்ச நம்பி."

பக்கத்துக் கடைக்காரி எட்டிப் பார்த்து, "இன்னா கண்ணகி, யாரு இது" என்றாள்.

"பெரிய டெய்லரு. பாக்காமலே அளவெடுப்பாங்களாம்."

அறுபத்து மூன்று வருஷத்தில் இப்படி ஒரு பேச்சை யாரும் சாராளைப் பார்த்துப் பேசியதில்லை. பேச விட்டதில்லை. அன்றைக்குப் பேச விட்டாள். ஒரு மணி நேரம் அங்கேயே நின்றாள். வெயில் ஏறியது. மீன் தீர்ந்தது. கண்ணகி கூடையைக் கவிழ்த்துக் கழுவிவிட்டு, முகத்தைப் பார்க்காமலேயே கேட்டாள்.

"மனு எங்க குடுக்கணும்?"

அதிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும், கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குகிற நாளில், இரண்டு பேரும் செங்கல்பட்டுக்குப் போனார்கள். ஒருத்தி கோவளத்திலிருந்து, ஒருத்தி புதுப்பட்டினத்திலிருந்து. பஸ் ஸ்டாண்டில் சந்தித்து, பேசாமல் நடந்து, வரிசையில் நிற்பார்கள். முதல் மனுவுக்கு ஒரு எண் கொடுத்தார்கள். இரண்டாவது வாரம் அந்த எண் வேறு துறைக்குப் போய்விட்டது. மூன்றாவது வாரம் அந்தத் துறை, இது எங்களுக்கு வராது என்று திருப்பி அனுப்பியிருந்தது. நாலாவது வாரம், உங்கள் மனு 'தீர்வு செய்யப்பட்டது' என்று கண்ணகியின் போனுக்கு ஒரு தகவல் வந்தது.

"தீத்துட்டாங்களாம்" என்று கண்ணகி போனைக் காட்டினாள். சாராளால் அதை வேகமாகப் படிக்க முடியவில்லை. "படிச்சி காட்டு. எனுக்கு எழுத்து வராது" என்றாள். அதை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஆறாவது வாரம் ஒரு விசாரணை அதிகாரியைப் போட்டார்கள். லக்ஷ்மிநாராயணன் என்று பெயர். நல்ல மனிதர்தான், நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். பக்கத்தில் அனு என்கிற இளம்பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பட்டியலை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார்.

"நேர்ல பார்க்காமலேயே இவ்வளவு துல்லியமா அளவு சொல்ல முடியுமாம்மா? மத்த மூணு குழந்தைக்கும் நீங்க சொன்ன அளவு சரியாத்தானே இருந்திருக்கு?"

"சரியாத்தான் இருந்தது. அவுங்க போட்டுகினு கீறாங்க."

"சரி, என் சட்டை அளவு சொல்லுங்க பார்ப்போம்."

சாராளால் சும்மா இருக்க முடியவில்லை. "தோளு பதினெட்டு, மார்பு நாப்பத்திரெண்டு. வலது தோளு கால் இஞ்ச் எறக்கம். பை மாட்டிகினு போற தோளு. உங்க டெய்லர் அத்த பாக்காத வெட்டிக்கீறாரு, அதான் காலர் இழுக்குது."

அனு சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டாள். லக்ஷ்மிநாராயணன் காலரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மேஜை மேல் கையை விரித்தார்.

"பாருங்க, இவ்வளவு திறமை உள்ளவங்க. உங்க அளவு தப்பாகாது. அளவு சரின்னா குழந்தை அங்க இருந்திருக்கு. வயசாச்சு, மறந்திருப்பீங்க. அப்படித்தானே?"

 இத்தனை வருஷம் கோவளம் முழுக்க அவள் அடித்துக்கொண்ட தம்பட்டம், இங்கே வந்து உட்கார்ந்துகொண்டு அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. பக்கத்தில் கண்ணகி மூச்சை இழுப்பது கேட்டது.

"சார்" என்றாள். "நான் போட்டது, அந்தப் புள்ள இந்நேரம் இப்டி வளந்திருப்பான்னு. வளந்தாளான்னு எனுக்குத் தெரியாது. எங்கண்ணு பெரிய கண்ணுதான். ஆனா முன்னாடி ஆள் நிக்கணும் இல்ல? உங்க சட்டைய நான் சொன்னேன். நீங்க இங்க உக்காந்துகினு கீறீங்க. இல்லாதவளுக்கு நான் சொன்னது அளவு இல்ல சார். வாய்க்கொழுப்பு."

பையிலிருந்து நோட்டை எடுத்துப் பிரித்து, பூவைக் காட்டி, கோடு எதற்கு, சுழி எதற்கு என்று விளக்கினாள். பதினோரு வருஷத்துப் பக்கங்கள். டேப் வைத்து எடுத்ததற்கெல்லாம் கோடு. சாராளின் பெருமையில் எவ்வளவு பங்கு சுழி என்பது யார் பார்த்தாலும் தெரிந்துவிடும்படி பக்கம் பக்கமாக இருந்தது.

அவர் சிரிப்பை நிறுத்தினார். "அனு, ஸ்டேட்மென்ட் டைப் பண்ணும்மா" என்று மட்டும் சொன்னார்.

அது தட்டச்சாகி வந்ததும் பேனாவை நீட்டினார்கள். சாராள் வாங்கவில்லை. "யம்மா அனு, படிச்சி காட்டு. ஒரு வார்த்த விடாத."

அனு படித்தாள். பாதியில், 'வயது முதிர்வு காரணமாக ஏற்பட்ட மறதியினால்' என்று ஒரு இடம் வந்தது.

"அத்த எடு."

"அது உங்களுக்கு நல்லதும்மா" என்றார் லக்ஷ்மிநாராயணன். "இல்லைன்னா உங்க மேலயும் நடவடிக்கை வரலாம். அந்த ஹோம் தையல் ஆர்டரும் போயிடும்."

"வர்ட்டும், போவட்டும். நான் மறக்கல. பாக்கல. பாக்காத, பாத்தேன்னு கையெழுத்து போட்டேன். அப்டியே அடி. மறந்துட்டேன்னு போட்டா, கெழவி ஒளர்றான்னு ஆகஸ்ட விட்டுட்டு மறுபடியும் அக்டோபருக்குத்தான் போவீங்க."

மூன்று தடவை மாற்றி அடித்தார்கள். மூன்று தடவையும் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். 

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்ல அதிக நேரம் ஆகாது. வழக்கில் காணாமல் போன நாள் 'ஆகஸ்ட் மாதத்திலிருந்து' என்று திருத்தப்பட்டது. அதற்கே தை பிறந்துவிட்டது. வசந்தாவை வேலையை விட்டு எடுத்தார்கள். இல்லத்தில் அவளுக்கு மேலே இருந்த அதிகாரி வேறு மாவட்டத்துக்கு மாறிப் போனார். அவரிடம் என்ன கேட்டார்கள், அவர் என்ன சொன்னார் என்று யாரும் இவர்களுக்குச் சொல்லவில்லை. கேட்டால், பரிசீலனையில் இருக்கிறது என்ற பதில். இல்லத்துத் தையல் வேலை வேறு ஆளிடம் போனது. மூன்றே சைஸ் என்று கேள்வி. கடைப் பெண்கள் முன்னால் சாராள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. துபாய் ஜாக்கெட் கதையையும் இப்போதெல்லாம் சொல்வதில்லை. ஞானதாஸ் ஒரு நாள், "கடையே சப்புன்னு கீதுமே, எதுனா பெருமையா பேசேன்" என்று சீண்டிப் பார்த்தார். அவள் கத்தரிக்கோலை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சாயங்காலம் கண்ணகி வந்தாள். கையில் போலீஸ் ஒட்டிய அறிவிப்பின் தாள் ஒன்று. பூங்கொடியின் படம், கீழே அடையாளங்கள். இத்தனை மாதத்தில் சாராள் அந்தத் தாளைக் கிட்டத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"படிச்சி காட்டு."

"உயரம் நாலடி நாலு இஞ்ச்" என்று படித்தாள் கண்ணகி. "இது உன் இஞ்ச்சுதானேக்கா?"

பட்டியலிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார்கள். தேதியைத் திருத்தியவர்கள் இதைத் திருத்தவில்லை. பஸ் ஸ்டாண்டிலும் ரயில்வே ஸ்டேஷனிலும் ஊர் ஊராக, சாராளின் வாயில் வந்த அந்த ஒரு இஞ்ச் ஒட்டியிருக்கிறது.

நோட்டை எடுத்தாள். மே மாதப் பக்கம். கீழே கோடு போட்ட பூ.

"நாலடி மூணு. மே மாசம், நின்ன நெலையில, இந்த டேப்பு வச்சி எடுத்தது. கூச்சப்பட்டுகினு நெளிஞ்சா. நேரா நில்லுடின்னு முதுகுல தட்டனேன். அதான் நான் பாத்தது. அத்த மாத்தச் சொல்லி எழுதிக் குடுக்கணும்."

கண்ணகி அந்தப் பூவை விரலால் தொட்டுப் பார்த்தாள். கோபமெல்லாம் எப்போதோ தேய்ந்து, களைப்பு மட்டும் மிஞ்சிய முகம்.

"பாவாடைய மறுபடியும் மடிச்சி தச்சிடவா? இப்ப எம்மாம் ஒசரம் இருப்பாக்கா? உனுக்குத் தோணறத சொல்லேன்."

மிஷின் பெண்கள் தலையைத் தூக்கினார்கள். சாராள் வாசலைப் பார்த்தாள். அந்த வாசப்படியில் ஆயிரம் பேர் ஏறி வருவதற்குள் அளவு சொன்ன கண். அங்கே யாரும் இல்லை.

"தெரியல கண்ணகி" என்றாள். "பாவாட அப்டியே கெடக்கட்டும், மடிக்காத. வந்து நிக்கட்டும், பாத்து சொல்றேன்."

அறிவிப்புத் தாளை நாலாக மடித்து நோட்டுக்குள் வைத்தாள்.

"திங்கக்கிழம ஒம்போதர பஸ்ஸுல போனா வரிசையில பின்னாடி தள்ளிடறாங்க. இந்த வாட்டி ஏழு மணிக்கே கெளம்பிடு."